நாலு கல்லுதானே!

ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டைக் கூட்டத்தில் நடந்ததைப் பலர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். ஆஸ்திரேலியத் தீவு ஒன்றிலுள்ள பழைய கல்லடுக்குச் சுவரின் படத்தை நான் காட்டியதும், "நாலு கல்ல அடுக்கி வச்சதெல்லாம் ஒரு வரலாறா?" என்று மேடையிலிருந்த பெரியவர் கேட்டார். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன், வேறென்ன செய்ய? வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை.

சரி, அந்த நாலு கல்லின் கதை இது. 1629 ஜூனில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாவியா கப்பல், மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு அப்பால் அப்ரோலோஸ் தீவுகளில் பாறையில் மோதியது. தளபதி உதவி தேடிப் படகில் ஜாவாவுக்குப் போய்விட்டார். கரையேறியவர்களில் கார்னலிஸ் என்ற கம்பெனி அதிகாரி ஆட்சியைப் பிடித்து, நூறு பேருக்கு மேல் கொன்று தீர்த்தான். தண்ணீர் தேடச் சொல்லி, ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்டு, மேற்கு வாலபித் தீவுக்குச் சில சிப்பாய்களை அனுப்பினான். செத்து ஒழியட்டும் என்பதுதான் கணக்கு. அவர்களுக்கோ தண்ணீர் கிடைத்துவிட்டது! வீபே ஹேயஸ் என்ற சாதாரணச் சிப்பாய் தலைமையில் சுண்ணாம்புப் பலகைக் கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். ஆணியையும் பீப்பாய் இரும்பையும் வைத்து ஆயுதம் செய்தார்கள். மீட்புக் கப்பல் வரும்வரை கொலைகாரர்களை அண்டவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியர் கட்டி இன்னும் மிஞ்சியிருப்பதில் அதுதான் மிகப் பழையது. ராஜா கட்டவில்லை, சிப்பாய் கட்டினான். அதுதான் உறுத்துகிறதோ?

"வெள்ளைக்காரனுக்கு வக்காலத்தா?" என்று வருவீர்கள், தெரியும். அதே கம்பெனிதான் 1658இல் தூத்துக்குடியைப் பிடித்து நம் முத்துக்குளிப்பில் கை வைத்தது. அவன்மேல் எனக்கென்ன பாசம்? அதே மேற்கு ஆஸ்திரேலியாவில் ரோஸ்மேரி தீவில், பூர்வகுடிகள் வட்டமாகக் கல் பதித்த வீட்டு அடித்தளங்கள் இருக்கின்றன. சுமார் 8000 ஆண்டுப் பழமை. அதைக் காட்டியிருந்தாலும் நாலு கல்தான் என்றிருப்பார்.

"ஆதிச்சநல்லூர் இருக்க அது எதுக்கு?" இது அடுத்தது. ஐயா, அந்த முதுமக்கள் தாழிக் காட்டை 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். ஒருவர் நின்று பார்த்ததால்தான் பானை ஓடு வரலாறு ஆனது. இதற்குமேல் விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

எங்கள் தாத்தாவுக்கு ராதாபுரம் பக்கம் பனைவிளையில் ஒரு விடிலி, அதாவது பதனீர் காய்ச்சும் ஓலைக் குடிசை, இருந்தது. ஆடிக் காற்று ஓலையைப் பிய்த்துக்கொண்டு போகும் என்று, மேற்கே மட்டும் இடுப்பளவுக்குக் கல்லடுக்குச் சுவர். அகலக் கல் அடியில், இடுக்குக்கு இடுக்கு சில்லு. கைவைத்து ஆட்டினால் அசையாது. பதனீர் காய்ச்சிய அடுப்புப் பக்கம் கல்லெல்லாம் கரி பிடித்துப் பளபளவென்று இருக்கும். காற்றாலைக்குப் பாதை போட வந்தவர்கள் ஒரே பகலில் ஜேசிபியை விட்டு அள்ளிப் பாதைக்குக் கொட்டிவிட்டார்கள். பனைக்கு மரத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கொடுத்தார்கள். சுவருக்கு? "அது நாலு கல்லுதானே" என்றான் சூப்பர்வைசர். அவனும் சிரித்தான்.

உணர்ச்சிவசப்படுகிறேன் என்பீர்கள். ஆமாம், படுகிறேன். சித்தப்பா தினமும் அந்தப் பாதையில்தான் பைக்கில் போகிறார். நம்ம கல்லு எந்த இடத்துல கெடக்கு சித்தப்பா என்று போன பொங்கலுக்குக் கேட்டேன். "ஒனக்கு வேற சோலியில்லையால?" என்றார்.