மழை பெய்தால் மலைத் தடங்களை மூடுங்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட மலைகளுக்கு, அஞ்செட்டி, பெட்டமுகிலாளம், உரிகம், பென்னாகரம் பக்கம் சனி ஞாயிறு ஜீப்பிலும் பைக்கிலும் வந்து போகிறவர்கள் இந்தப் பதிவைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். நான் வண்டிக்கு எதிரி இல்லை. நானும் ஜீப் ஓட்டுகிறவன்தான். லோ கியரில் ஒரு ஏற்றத்தை ஏறி முடிக்கும்போது வருகிற சந்தோஷம் எனக்கும் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். மண் ஈரமாக இருக்கும் நாட்களில் பொழுதுபோக்குக்காக யாரும் இந்த மண் தடங்களில் வண்டியை இறக்கக் கூடாது. அதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடாமல், பலகை வைத்து, சங்கிலி போட்டு முறையாக மூட வேண்டும்.

ஏன் என்று கேட்பவர்களுக்கு மண்ணிலிருந்தே சொல்கிறேன். காய்ந்த செம்மண்ணில் துகள்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும். அந்தப் பிடிதான் வண்டியைத் தாங்குகிறது. துகள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி முழுக்கத் தண்ணீர் நிரம்பியதும் அந்தப் பிடி போய்விடும். ஆட்களோடு சேர்த்து இரண்டு டன் வரை வரும் வண்டி அதில் ஏறினால் சக்கரம் அமுங்கும், மண் இரண்டு பக்கமும் பிதுங்கிக் கரை கட்டும். கெடுதல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. நல்ல மண் ரோடு நடுவில் மேடாக, ஓரத்தில் சரிவாக இருக்கும். மழைத் தண்ணீர் பக்கவாட்டில் வடிந்துவிடும். சக்கரத் தடம் கரை கட்டிவிட்டால் தண்ணீருக்குப் பக்கத்தில் போக வழியில்லை, தடத்தோடேயே ஓடும். சமதரையில் அது குட்டையாக நிற்கும். மலைச் சரிவில் வேகம் பிடித்து மேல்மண்ணை அடித்துக்கொண்டு போகும், அப்புறம் சரளையை, கடைசியில் பாறைதான் மிஞ்சும். வண்டி போனது ஒரு காலை வேளையில். அரிப்பு அடுத்தடுத்த மழைக்கெல்லாம் தொடர்கிறது.

பள்ளம் விழுந்த பிறகு வருகிறவர் அதில் இறங்க மாட்டார், பக்கத்துப் புல்லில் ஏற்றிப் போவார். அவருக்கு அடுத்தவர் இன்னும் கொஞ்சம் தள்ளி. ஒரு வண்டி அகலத்தில் இருந்த தடம் இப்படித்தான் மூன்று வண்டி அகலமாகிறது. புல் வேர் போன இடத்தில் மண்ணைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. ஜேசிபியை விட்டுச் சமன் செய்யலாமே என்பார்கள். கிளறிவிட்ட மண் இறுகுவதற்குள் அடுத்த மழை வந்தால் அதுவும் போய்விடும்.

இதற்கு விலை கொடுக்கிறவர்கள் வண்டியைக் கழுவிவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர்கள் இல்லை. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோன கோட்டூர் மலை இந்தத் தருமபுரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. இங்கே மலையூருக்கு ஒரு மண் தடம் என்பது பல வருடம் மனு கொடுத்துக் கிடைத்தது. பால் கேன் கட்டிய டிவிஎஸ் எக்ஸெல், ரேஷன் அரிசி, ராகி மூட்டை, சாமை மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் அதில்தான் போக வேண்டும். பிரசவ வலி வந்தால் 108 வண்டி எதுவரை ஏறி வரும் என்பதையும் அந்தத் தடம்தான் தீர்மானிக்கிறது. சேற்றில் விழுந்த டயர் தடம் வெயிலில் காய்ந்ததும் கல் மாதிரி இறுகிவிடும். பின்னால் பால் கேனோடு வருகிறவரின் முன்சக்கரம் அதில் சிக்கினால் ஆள் விழுவார், பாலும் போகும். இதைப் பார்த்த யாருக்கும் சேறு தெறிக்கிற அந்த வீடியோக்கள் ரசிக்காது.

"டிராக்டர் போகலையா, அது கெடுக்கலையா" என்று கேட்கிறார்கள். கெடுக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஊர்க்காரர் வேறு வழியில்லாமல் போகிறார், முடிந்தால் ஒரு நாள் பொறுத்துப் போகிறார், மழை விட்டதும் மண்வெட்டியோடு வந்து தண்ணீரை உடைத்து விடுகிறவரும் அவர்தான். அவருக்கும் நமக்கும் ஒரே சட்டம் என்பது நியாயமே இல்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் ஏற்றிப் போகும் லாரிகள் கிராமத்து ரோடுகளை என்ன செய்கின்றன என்பதும் எனக்குத் தெரியும். அதையும் கேட்க வேண்டும், தனியாக உரக்கக் கேட்க வேண்டும். அவர்கள் கெடுப்பதால் நாமும் கெடுக்கலாம் என்று ஆகிவிடாது.

டயர் காற்றைக் குறைத்து மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது என்று சிலர் சொல்கிறார்கள். காற்றைக் குறைத்தால் எடை அதிகப் பரப்பில் பரவும், அது உண்மை. ஆனால் முழுக்க ஊறிய மண்ணில், பத்துப் பன்னிரண்டு வண்டிகள் வரிசையாக அதே இடத்தில் ஏறும்போது அந்தச் சலுகை எதற்கும் போதாது. ஏற்றத்தில் ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்ற ஆரம்பித்தால் மட் டயரின் பல் ஒவ்வொன்றும் மண்ணை வெட்டி எறிகிறது.

மூடுவது நமக்குப் புதிய விஷயமும் இல்லை. ஒகேனக்கல்லில் என்ன செய்கிறோம்? பிலிகுண்டுலுவில் காவிரி நீர்வரத்தை அளக்கிறார்கள். வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போடுகிறது, குறைந்ததும் திறக்கிறது. பரிசல் ஓட்டிகளுக்கு அது பிழைப்பே போகிற விஷயம், இருந்தும் ஏற்றுக்கொள்கிறார்கள். 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை காட்டுத் தீ காலம் என்று தமிழ்நாடு முழுக்க மலையேற்றப் பாதைகளை மூடினார்களே, யாராவது குடி முழுகிவிட்டது என்றார்களா? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஜூன் மாதம் மலைத் தடங்களை மூடினால் அக்டோபர் கடைசி வாக்கில்தான் திறக்கிறார்கள். இங்கிலாந்தில் ரிட்ஜ்வே என்ற பழைய மண் வழியில் பல பகுதிகளுக்கு அக்டோபர் முதல் ஏப்ரல் வரை மோட்டார் வண்டி போகக் கூடாது.

ஆனால் அவர்களைப் போல மாதக் கணக்கு வைத்து மூடுவது நமக்குச் சரிவராது. நமக்குத் தென்மேற்கும் பெய்கிறது, வடகிழக்கும் பெய்கிறது, சித்திரை வைகாசியில் சாயங்கால இடிமழை வேறு. ஜூன் முதல் டிசம்பர் வரை ஒரேயடியாக மூடினால் நடுவில் காய்ந்து கிடக்கும் வாரங்களும் வீணாகும், யாரும் மதிக்கவும் மாட்டார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. அந்த மாதிரி மழைக்குப் பிறகு காய வேண்டிய காலம் வேறு, ஆடி மாதத் தூறலுக்குப் பிறகு வேறு. மரநிழலில் ஓடும் தடம் வெட்டவெளித் தடத்தைவிட மெதுவாகக் காயும். களிமண் செம்மண்ணைவிடத் தாமதமாகும்.

அதனால் மண்ணைப் பார்த்துத்தான் மூட வேண்டும், மண்ணைப் பார்த்துத்தான் திறக்க வேண்டும். சோதனை ரொம்ப எளிது. தடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். உடையாமல் மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குத் திரி மாதிரி நீண்டு வந்தால் அது இன்னும் குழைகிற மண், வண்டி இறக்கக் கூடாது. அதற்கு முன்பே பொடிந்து உதிர்ந்தால் ஓரளவு காய்ந்துவிட்டது என்று அர்த்தம். மண் பரிசோதனைக் கூடத்தில் செய்வதும் இதே திரிதான். ஊரில் விவசாயம் செய்கிற யாருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கவே தேவையில்லை, காலால் மிதித்தே சொல்லிவிடுவார்கள். அதனால் திறக்கலாமா வேண்டாமா என்று சொல்லும் உரிமை அந்த ஊர்க்காரர்களிடம்தான் இருக்க வேண்டும்.

சட்டத்தில் இடம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, ஒரு சாலையின் தன்மையைக் காரணமாகக் காட்டியே அதில் வண்டிகளைத் தடை செய்யவோ கட்டுப்படுத்தவோ அரசுக்கும், அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரிக்கும் இடம் தருகிறது. ஒரு மாதத்துக்கு மேற்படாத தடைக்கு அரசிதழ் அறிவிப்புகூட வேண்டாம், உள்ளூரில் தெரியப்படுத்தினால் போதும். மழைக்கு மூடி வெயிலுக்குத் திறக்க இதைவிடப் பொருத்தமான பிரிவு வேறென்ன வேண்டும்? காப்புக்காடும், 2014இல் வந்த காவிரி வடக்கு, 2022இல் வந்த காவிரி தெற்கு சரணாலயங்களும் தனிக் கணக்கு. அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் எந்த மாதத்திலும் நுழையக் கூடாது. அதிலும் அக்டோபருக்கு மேல் ராகி முற்றுகிற சமயத்தில் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைக் கூட்டங்கள் இறங்கும். சேற்றில் சிக்கிய வண்டியை இரவு வரை வின்ச் போட்டு இழுத்துக்கொண்டு அங்கே நிற்பது உங்களுக்கும் ஆபத்து, யானைக்கும் தொந்தரவு.

டீக்கடை, சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர்களுக்கு வருமானம் போகுமே என்ற கவலை நியாயமானது. தார் ரோடு இருக்கும் இடம்வரை தாராளமாக வாருங்கள், வண்டியை நிறுத்திவிட்டு ஊருக்குள் நடந்து போங்கள், அங்கேயே சாப்பிடுங்கள். மழைக்காலத்தில்தான் இந்த மலைகள் நடந்து பார்க்க அழகு.

ஆகஸ்ட் 15 கிராம சபைதான் சரியான நேரம். வெளி வண்டிகளுக்கு மட்டும் தடை, ஊர் வண்டிக்கும் 108க்கும் பள்ளி வண்டிக்கும் விலக்கு, தடத்தின் இரண்டு முனையிலும் தமிழிலும் கன்னடத்திலும் பலகை, திறப்பதை முடிவு செய்ய ஊரில் மூன்று பேர். இவ்வளவுதான் தீர்மானம். ஆட்சியருக்கு அனுப்பும் கடிதத்தோடு சேர்த்து நான் எழுதி வைத்திருக்கிறேன். பெட்டமுகிலாளம், வட்டுவனஅள்ளி ஊராட்சிப் பக்கத்து நண்பர்கள் யாருக்கு வேண்டுமோ உள்பெட்டியில் கேளுங்கள், உடனே அனுப்புகிறேன். ஜீப் குழுக்களில் இருக்கிறவர்கள் இந்தப் பதிவை உங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள், முக்கியமாக அடுத்த வாரம் வண்டி எடுக்கத் திட்டம் போட்டிருக்கும் குழுவில்.