துப்பாக்கி இருக்கிறது, தலைப்பாகையைக் காணோம்

ஜூலை 10 வந்தாலே நம்ம ஊர்க்காரர்கள் போனெல்லாம் வேலூர் கோட்டைதான். மேலிருந்து எடுத்த அகழி, தடதடவென்று பறை, "1857-க்கு அம்பது வருஷம் முன்னாடியே..." என்று ஒரு கனத்த குரல். ஒரு நிமிஷத்தில் புரட்சி முடிந்துவிடும்.

கிண்டலுக்காகச் சொல்லவில்லை. நாங்கள் படித்தபோது வேலூர்ப் புரட்சி என்பது பரீட்சைக்கான ஒரு பத்தி. கோட்டைக்குப் போனால் ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, புல்வெளியில் கட்டுச்சோறு பிரித்துவிட்டு வந்துவிடுவோம். இன்றைக்குக் குடியாத்தத்துப் பையன் ஒருத்தன் வேலூர் மக்கான் பகுதியில் அந்தப் புரட்சிக்காக எழுப்பிய நினைவுத் தூணை பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்க்கிறான் என்றால் அது ரீல்ஸ் செய்த வேலை. பாடப்புத்தகத்தால் முடியாதது.

என் சண்டை வேறு. இந்த வீடியோக்களில் துப்பாக்கி இருக்கிறது, தலைப்பாகையைக் காணோம்.

1805 நவம்பரில் ஆங்கிலேயக் கம்பெனியின் சென்னைப் படைக்கு உத்தரவு வந்தது. நெற்றியில் குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். எதிர்த்த சிலரை 1806 மே மாதம் சென்னை ஜார்ஜ் கோட்டைக்கு அனுப்பினார்கள். அதில் இரண்டு பேருக்கு ஆளுக்கு 90 கசையடி, வேலையும் போச்சு. ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். அதற்குப் பிறகுதான் ஜூலை 10 விடியற்காலை சிப்பாய்கள் எழுந்து கோட்டையைப் பிடித்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்ததும் அன்றைக்கே கோட்டை மறுபடி ஆங்கிலேயர் கைக்குப் போனது. நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் கொன்றார்கள். ஆனாலும் உத்தரவு ரத்தானது, கவர்னர் பெண்டிங்கைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

படிக்க வேண்டியது இதில் முன்பாதி. அதில் வெடிச்சத்தம் இல்லை, அதனால் கட்டைவிரல் நிற்காது. போடுகிற பையனைக் குறை சொல்லி என்ன செய்ய? 2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ. எத்தனை விநாடி பார்த்தோம் என்பது அந்த எண்ணிக்கையில் வராது. அப்புறம் முதல் விநாடியிலேயே பீரங்கி வெடிக்காமல் என்ன செய்யும்?

கமெண்டைத் திறந்தால் இன்னொரு புரட்சி. கோட்டையில் காவலில் இருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகள் தூண்டினார்களா, இது இந்துக்கள் புரட்சியா முஸ்லிம்கள் புரட்சியா என்று விடிய விடிய அடிதடி. ஒரே காரணத்துக்காகச் சேர்ந்து அடிவாங்கிய அந்த இரண்டு பேரை யாரும் பேசுவதில்லை. திட்டி எழுதினாலும் அது கமெண்ட்தானே, கணக்கு ஏறிக்கொண்டே போகிறது.

நடுவில் எப்போதாவது ஒரு பிள்ளை, "அண்ணா, தொப்பி மாத்தினதுக்கா இவ்ளோ கோவம்?" என்று கேட்கும். பதில் சொல்ல ஆளிருக்காது. பார்வையாளர் பங்கேற்பு என்று மீடியாக்காரர்கள் பெரிதாகச் சொல்கிறார்களே, என்னைக் கேட்டால் அந்த ஒரு கேள்விதான் அது. மற்றதெல்லாம் கூட்டம்.

என் அக்கா பையனும் இப்படி வீடியோ போடுகிறவன்தான். "தலைப்பாகையில ஆரம்பிச்சா தள்ளிட்டுப் போயிடுவாங்க மாமா" என்கிறான். ஷார்ட்ஸ் இப்போது மூன்று நிமிஷம் வரை போகலாமே, கசையடியில ஆரம்பிடா என்றேன். யோசிக்கிறானாம். போட்டால் லிங்க் தருகிறேன், கீழே வந்து கேள்வி கேளுங்கள்.