உப்புப் போட்டதால் ராஜ்மா வேகாமல் போகாது

"மீந்த கறியில் ராஜ்மா சூப் வைக்கும்போது உப்பை முதலிலேயே போட்டால் பயறு கல்லாகிவிடும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பழி தப்பான ஆள்மேல் விழுகிறது. ஊறவைக்கும் தண்ணீரில் 1 லிட்டருக்கு 15 கிராம் உப்புச் சேர்த்தால் தோல் மெதுவாகத்தான் ஆகும்.

வேகவிடாமல் தடுப்பது புளிப்பும் கால்சியம் மிகுந்த கடினத் தண்ணியும்தான். மீந்த குழம்பில் தக்காளியோ புளியோ இருந்தால், அதைப் பயறு மசிந்த பிறகே ஊற்றுங்கள். போர் தண்ணியில் கால்சியம் அதிகமிருந்தால் தோல் இறுகும். நம்ம வேலூர்ப் பக்கம் பல வீடுகளில் போர்தானே, இதற்கு மட்டும் கேன் தண்ணி. இரண்டும் சரியாக இருந்தும் வேகவில்லையா? பயறு பழசு. அதற்கு ஒரு சிட்டிகை சமையல் சோடா. கூடினால் சோப்பு வாடை.

200 கிராம் ராஜ்மாவை 8 மணி நேரம் ஊறவையுங்கள். கத்திரி வெயிலில் வெளியே வைத்தால் நுரைத்துப் புளித்துவிடும், ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஊறிய தண்ணியைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணி 1 லிட்டர், எலும்பு மட்டும் போட்டு குக்கரில் 5, 6 விசில். கறித்துண்டு கடைசி 5 நிமிடம்தான். ஏற்கெனவே வெந்தது, முதலிலேயே போட்டால் நார்நாராகும். கறியிலேயே உப்பு இருப்பதால் ருசி பார்த்துப் போடுங்கள்.

ராஜ்மாவை ரைஸ் குக்கரின் 'வார்ம்' சூட்டில் இரவு முழுக்க வேகவிடலாம் என்ற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். அரைவேக்காட்டு ராஜ்மாவிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதித்தாக வேண்டும்.