வண்டி சரி, அது நிற்க இடம் எங்கே?

வாடகை வீடே வேண்டாம், பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்து அதிலேயே இருந்துவிடலாம் என்று நினைக்கிற பிள்ளைகளை இப்போது நிறையப் பார்க்கிறேன். என் அக்கா மகனும் அவர்களில் ஒருவன். பெரம்பூர், கொளத்தூர் பக்கம் வீடு தேடி அலுத்துப்போனவன். வீட்டில் எல்லோரும் அவனைத் திட்டினார்கள். நான் திட்டவில்லை. வண்டி மேல் இருந்த ஆசையால் அவன் இந்த முடிவுக்கு வரவில்லை. வீடு தேடிப் போன இடங்களில் பட்ட அவமானம்தான் அவனை அங்கே தள்ளியது.

"தனி ஆளா? கவிச்சி சமைப்பீங்களா? சொந்த ஊர் எது? அங்க எந்தத் தெரு?" கடைசிக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவனுக்கும் தெரியும். இதையெல்லாம் தாண்டினால் அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத வாடகை என்பதுதான் காலங்காலமாக வழக்கம். 15,000 ரூபாய் வாடகை என்றால் ஒன்றரை லட்சம் வட்டியில்லாமல் ஓனரிடம் கிடக்கும். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்று அரசு கொடுக்கிறது. ஓனரே தனியாக சப் மீட்டர் மாட்டிக் கணக்குப் பார்க்கும் வீடுகளில் குடியிருப்பவன் முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய், பத்து ரூபாய் கட்டுகிறான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது செல்லும் என்றும் இடம் கொடுக்கிறது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்கிறவன் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவான். அதனால் பத்து மாதம் பத்து மாதமாகவே இருக்கிறது. இப்படி ஒரு ஊரில், சாவியும் தன்னிடமே, கேள்வி கேட்க ஆளும் இல்லை என்கிற ஒரு வண்டி விடுதலையாகத் தெரிவதில் ஆச்சரியம் என்ன?

ஆனாலும் அவனிடம் நான் கேட்டது ஒன்றுதான். "வண்டி சரிடா. எங்க நிறுத்துவ?"

நம் ஊரில் கேரவன் என்றாலே ஷூட்டிங் ஞாபகம்தான் வரும். சட்டப்படி மோட்டார் கேரவன் என்று தனி வாகன வகை இருக்கிறது, அதற்கான தரவிதிகளும் இருக்கின்றன. கம்பெனி கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆகவே பட்டறையில் விட்டு வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கு ஆர்டிஓ அலுவலகத்தில் போய் நிற்கும். செலவு செய்தால் இதைச் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது நிறுத்தும் இடம்.

மே மாதத்தில் திருவொற்றியூரில் ஒரு தகரப் பெட்டிக்குள் இரவைக் கழிப்பதை யோசித்துப் பாருங்கள். ஏசி இல்லாமல் முடியாது. ஒரு டன் ஏசி இரவு முழுக்க ஓட ஐந்தாறு யூனிட் வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரி முழுசாகச் சார்ஜ் ஆகியிருந்தாலும் அதில் இருப்பது 1.8 யூனிட்தான். அதையும் அடிவரை இழுத்தால் பேட்டரி சீக்கிரம் போய்விடும். கூரையில் சோலார் போடலாம் என்பான். டிராவலர் கூரையில் ஒரு கிலோவாட் அளவுக்குத் தகடு வைத்தால் நல்ல வெயில் நாளில் நான்கு யூனிட் வரும். ஆனால் அதற்கு வண்டி வெயிலில் நிற்க வேண்டும். வெயிலில் நின்றால் உள்ளே இருக்க முடியாது, நிழலில் நின்றால் கரண்ட் வராது. கடலோரம் என்றால் உப்புக்காற்று வேறு. காசிமேட்டில் புது சைக்கிளே ஒரு மழைக்காலத்துக்குள் துருப்பிடிக்கும்.

தண்ணீர்? பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று திட்டமிடுகிறார்கள். வண்டித் தொட்டி 100 லிட்டர் என்றால் ரொம்பச் சிக்கனமாக இருந்தாலும் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும். எந்தக் குழாயில்? வியாசர்பாடியில் தெருப் பம்பில் குடம் வைத்து வரிசையில் நிற்கும் பெண்களுக்கு முன்னால் போய் நூறு லிட்டர் பிடிக்க முடியுமா?

எனக்கு இதைவிடப் பெரிய கவலை கழிப்பறைத் தொட்டி. அதை எங்கே காலி செய்வது? கழிவுநீர் லாரிகளுக்கு உரிமம் உண்டு, இறக்குவதற்குச் சுத்திகரிப்பு நிலையங்கள் உண்டு. தனி வண்டிக்காரனுக்கு அப்படி ஒரு இடம் இல்லை. ராத்திரியில் மேன்ஹோல் மூடியைத் தூக்கி ஊற்றிவிடலாம் என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். அந்த மேன்ஹோல் அடைத்தால் அதில் இறங்கச் சொல்லி ஒரு மனிதனைத்தான் அனுப்புவார்கள். 2013-லேயே சட்டம் தடை செய்த பிறகும் இது நிற்கவில்லை. தன் சுதந்திரத்துக்காக இன்னொருவன் சாக்கடையில் இறங்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

வண்டி வாழ்க்கையைக் காட்டும் வெளிநாட்டு வீடியோக்களில் இதெல்லாம் தெரியாது. அமெரிக்காவில் இப்படி வாழ்கிறவர்களில் பலர், இதற்கென்றே இருக்கும் வளாகங்களில் மாத வாடகை கொடுத்து நிறுத்துகிறார்கள். அந்த இடத்திலேயே தண்ணீர்க் குழாய், மின் இணைப்பு, கழிவுக் குழாய் எல்லாம் இருக்கும். வீட்டு வாடகை போய் மனை வாடகை வந்திருக்கிறது, அவ்வளவுதான். தெருவில் நிறுத்துகிறவர்கள் பாடு அங்கேயும் கஷ்டம்தான். வண்டியில் வசிப்பதற்கு லாஸ் ஏஞ்சல்ஸ் விதித்திருந்த தடையை 2014-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் பொது இடத்தில் தங்கி உறங்குவதை நகரங்கள் தண்டிக்கலாம் என்று 2024-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இத்தனையும் ஏன் எழுதுகிறேன் என்றால், வடசென்னையில் ஏற்கெனவே ஏராளமான பேர் நிறுத்திய வண்டியில்தான் வாழ்கிறார்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டிலும் மணலி பக்கமும் போய்ப் பாருங்கள். துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் கேபின்தான் அந்த டிரைவர்களுக்குப் படுக்கையறை. டிரைலருக்கு அடியில் விழும் நிழல் சமையல்கட்டு. கேன் தண்ணீர் குடிக்கவும் அதுதான், அரிசி களையவும் அதுதான். 2025 முதல் தயாராகும் கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் ஆகியிருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் அது என்ஜின் ஓடினால்தான் ஓடும். நிற்கிற வண்டியில் ராத்திரி முழுக்க டீசல் எரிக்க எந்த முதலாளி விடுவார்?

கன்டெய்னர் சம்பந்தப்பட்ட வேலை என்பதால் இவர்களோடு தினமும் பேசுகிறவன் நான். திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர் சொன்னார்: "வண்டில படுக்கறதுல சிரமம் ஒண்ணும் இல்லீங்க சார். விடிஞ்சா எங்க போறதுங்கறதுதான் சிரமம்." கடலோரக் கருங்கல் குவியல்தான் பலருக்குக் கழிப்பறை. அதை ஒட்டியே மீனவக் குப்பங்கள் இருக்கின்றன. அங்கிருக்கும் பெண்களுக்கு வெளியே வருவதே கூச்சமாகிவிடுகிறது. கோபம் டிரைவர் மேல் திரும்புகிறது, சண்டை வருகிறது. இரண்டு பக்கமும் ஏழைகள். இடம் ஒதுக்காதவர்கள் அந்தச் சண்டையில் எங்கும் இல்லை.

ராயபுரம், பிராட்வே நடைபாதைகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பங்களையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. வீடில்லாதவர் என்றால் அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று இரவில் வந்து பார்த்து வாக்காளர் பட்டியலில் சேர்க்கத் தேர்தல் ஆணையத்துக்கு வழி தெரிந்திருக்கிறது. ரேஷனுக்கும் கேஸ் இணைப்புக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் முகவரி கேட்கும் மற்ற அலுவலகங்களுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

வண்டியில் வாழ்வதற்கு நான் எதிரி இல்லை. வெள்ளம் வந்தால் மேடான இடத்துக்கு நகர்த்திவிடலாம் என்பது ஒன்றே புளியந்தோப்புக்காரனுக்குப் பெரிய வரம். ஆனால் குழாய், கழிவு இறக்கும் தொட்டி, ஒரு பிளக், இரவில் விளக்கு, இவை உள்ள நிலம் முதலில் வேண்டும். துறைமுகச் சாலைகளில் லாரி நிற்கும் ஒவ்வொரு பகுதியிலும் குளியலறையும் கழிப்பறையும் கட்டுங்கள். டிரைவருக்காகக் கட்டினால் நாளைக்கு என் அக்கா மகனும் பத்து ரூபாய் கொடுத்து அதே இடத்தில் நிறுத்திக்கொள்வான். அதுவரை அவன் வீடு தேடட்டும், மூன்று மாத அட்வான்ஸ் என்று தைரியமாகப் பேசட்டும், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யட்டும். ஓனரிடம் பேச நானும் கூடப் போகிறேன்.

எண்ணூர், மணலி, மாதவரம் பக்கம் லாரி ஓட்டுகிறவர்கள் இதைப் படித்தால், எங்கே குளிக்க முடிகிறது, எவ்வளவு வாங்குகிறார்கள், எந்தக் கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் மனுவாகக் கொடுக்கிறேன்.