அம்மா கேட்டது குடும்பக் கதை இல்லை

ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தில், நேருவின் வெளியுறவுக் கொள்கையைப் பற்றிய கூட்டத்தில் நடந்ததைப் பற்றி இரண்டு நாளாக வாய் திறக்காமல் இருந்தேன். நேரில் பார்த்தவர்கள் நிறையப் பேர் இங்கே இருக்கிறீர்கள், முதலில் இருந்து சொல்லத் தேவையில்லை. பேச்சு முடிந்ததும் எங்கள் அம்மா எழுந்து ஒரு கேள்வி கேட்டார், அதற்கு வந்த பதில்: "அம்மா, இது வெளியுறவுக் கொள்கை. உங்க குடும்பக் கதையை அப்புறம் பேசலாம்." இந்த ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. சொல்லிவிட்டு மைக்கையும் வாங்கிக்கொண்டார்கள்.

எங்கள் அம்மாவுக்கு வெளியுறவுக் கொள்கைதான் குடும்பக் கதை. சென்னை வியாசர்பாடியில் பாதித் தெருக்களுக்கு அப்படித்தான்.

பேச வந்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் அவர் நன்றாகவே பேசினார். 1954 ஏப்ரலில் சீனாவோடு போட்ட திபெத் ஒப்பந்தத்தில் பஞ்சசீலம் (ஒருவர் உள்நாட்டு விவகாரத்தில் இன்னொருவர் தலையிடக் கூடாது என்பது உட்பட ஐந்து கொள்கைகள்) வந்த கதை, 1955இல் பாண்டுங்கில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்க மாநாடு, 1961இல் பெல்கிரேடில் நடந்த அணிசேரா நாடுகளின் முதல் மாநாடு, உலக அமைதியைப் பற்றிச் சொல்லும் அரசியலமைப்பின் 51ஆவது பிரிவு, எல்லாவற்றையும் சொன்னார். அடிமைத்தனத்தில் இருந்து அப்போதுதான் வெளியே வந்த ஒரு நாடு, இரண்டு வல்லரசுகளில் எதன் பின்னாலும் போகமாட்டேன் என்று நின்றது பெரிய விஷயம். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "உள்நாட்டு விவகாரத்தில தலையிடக் கூடாதுன்னு சொன்னீங்களே, எங்களை பர்மாவில இருந்து தொரத்தினப்ப நாங்க யாரோட உள்நாட்டு விவகாரம்?"

இதற்குப் பதில் சொல்ல முடியாவிட்டால் "தெரியலம்மா" என்று சொல்லியிருக்கலாம்.

அம்மா பிறந்தது பர்மாவில் பெகு பக்கம். 1962இல் அங்கே ஜெனரல் நே வின்னின் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964இல் கடைகளை அரசுடைமை ஆக்கினார்கள், அதே வருடம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். தாத்தாவின் அரிசிக் கடை போனது, மூட்டைக்கடியில் வைத்திருந்த பணமும் போனது. கப்பலேறும்போது ஆயாவின் கழுத்தில் இருந்ததையும் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். அம்மாவுக்கு அப்போது பதினோரு வயது. மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கியபோது அவர் கையில் இருந்தது ஒரு தகர டப்பா. அதில் என்ன இருந்தது என்று எத்தனை முறை கேட்டாலும் சொல்லமாட்டார்.

அரசாங்கம் இவர்களுக்கு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. அதற்கு முன்னால் பார்த்தே இராத ஊருக்கு எப்படித் திரும்ப முடியும்? தெருவில் வைத்த பெயர் 'பர்மா அகதி'. பள்ளிக்கூடத்தில் என்னையும் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாருக்குப் போகிறவர்களுக்கு அந்த ருசி தெரியும், அது எப்படி இங்கே வந்தது என்று கேட்கத் தோன்றுவதில்லை.

"அதுக்காகப் போருக்கா போக முடியும்?" என்று இங்கே ஒரு தம்பி கேட்டிருக்கிறார். போர் வேண்டும் என்று யார் கேட்டது? இந்தியா கப்பல் அனுப்பியது, கடனும் இடமும் கொடுத்தது, அதை அம்மாவே நன்றியோடு சொல்வார். எங்களைப் பற்றி முடிவெடுக்கும்போது எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பதுதான் எங்கள் ஆற்றாமை. அதே 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தைப் பாருங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன இந்தியத் தமிழர் வழிவந்த மலையகத் தமிழர் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தையும் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். தேயிலை மூட்டையைப் பிரிப்பதுபோல மனுஷர்களைப் பிரித்தார்கள், அவர்களில் ஒருவரையும் கேட்கவில்லை.

"கொள்கை என்றால் உணர்ச்சிக்கு இடம் இல்லை" என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். சரி, உணர்ச்சியை விட்டுவிடுவோம். தலையிடாமை என்பது மாறாத கொள்கை என்றால் 1971இல் வங்கதேசம்? 1987இல் யாழ்ப்பாணத்துக்குப் போன ராணுவம்? ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கைக்கு எதிரான தீர்மானத்தை 2012லும் 2013லும் ஆதரித்த நாடு, 2014இல் சர்வதேச விசாரணை என்றதும் இறையாண்மையைக் காரணம் காட்டி ஒதுங்கி நின்றது. தேவைப்பட்டபோது கொள்கை வளைந்திருக்கிறது. எங்களுக்காக வளையவில்லை. இதைச் சொன்னால் தேசப்பற்று இல்லை என்பீர்களா? தாத்தா கடைசி வரை இந்தியப் பாஸ்போர்ட்டை விடாமல் வைத்திருந்தவர். அதனால்தான் அவர்களுக்கு இந்தக் கதியே வந்தது.

எழுத எழுதக் கை நடுங்குகிறது. நேருவைக் குறை சொல்ல நான் இதை ஆரம்பிக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது, ஜீவா ரயில் நிலையம் தாண்டும் வரை அம்மா ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "நான் எதுவும் தப்பா கேட்டுட்டேனாடா?"

எழுபது வயது தாண்டியவரை இப்படிக் கேட்க வைத்துவிட்டீர்கள்.

படிப்பகத் தோழர்களுக்கு: அடுத்த மாதக் கூட்டத்துக்கு அம்மாவை மறுபடியும் அழைத்து வருவேன். அவர் வரமாட்டேன் என்கிறார், நான் பேசிச் சம்மதிக்க வைக்கிறேன். முதல் கேள்வி அவருடையது. முடிக்கும் வரை மைக் அவர் கையில் இருக்கட்டும்.