முதல் பெண் ஜனாதிபதி சிறிமாவோ அல்ல

"உலகின் முதல் பெண் ஜனாதிபதி சிறிமாவோ பண்டாரநாயக்க" என்ற படம் கிளிநொச்சிப் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பொது அறிவுக் கொப்பியிலும் அதே வரி, சிவப்புப் பேனையால் சரி போட்டபடி கிடந்தது. மனம் கேட்கவில்லை.

1960 ஜூலை 21 இல் சிறிமாவோ ஏற்றது பிரதமர் பதவி. உலகின் முதல் பெண் பிரதமர் அவர்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அப்போது இலங்கையின் அரச தலைவர் பிரித்தானிய மகாராணி. அவர் சார்பில் இங்கே மகாதேசாதிபதி இருந்தார். ஜனாதிபதிப் பதவியே 1972 இல்தான் வந்தது. சிறிமாவோ அதில் அமர்ந்ததில்லை. 1994 இல் ஜனாதிபதியானவர் அவருடைய மகள் சந்திரிகா.

சரி, முதல் பெண் ஜனாதிபதி யார்? 1974 இல் ஜனாதிபதியாக இருந்த கணவர் இறந்ததும், துணை ஜனாதிபதியாக இருந்து அந்த இடத்துக்கு வந்த ஆர்ஜென்டீனாவின் இசபெல் பெரோன். மக்கள் நேரடியாக வாக்களித்துத் தெரிவுசெய்த முதல் பெண் ஐஸ்லாந்தின் விக்டிஸ் பின்போகடோத்திர். பிரெஞ்சு படிப்பித்தவர், ரெய்க்யாவிக்கில் நாடகக் குழுவை நடத்தியவர், தத்தெடுத்த மகளைத் தனியாக வளர்த்த தாய். 1980 இல் மூன்று ஆண்களை எதிர்த்து நின்று, மூன்றில் ஒரு பங்கு வாக்குகளோடு மயிரிழையில் வென்றார். பிறகு 16 ஆண்டுகள் அவர்தான் ஜனாதிபதி!

பிள்ளையின் கொப்பியில் 'ஜனாதிபதி' என்பதை வெட்டி, 'பிரதமர்' என்று எழுதிக் கொடுத்தேன். விக்டிஸின் பெயரை அவளே கீழே எழுதிக்கொண்டாள்.