தாசில்தாரை ஏன் மறந்துவிடுகிறோம்?

ஏழைக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் நீதிபதி ஆனார் என்று செய்தி வந்தால் போதும், 'உழைத்தால் யாரும் உயரலாம்' என்று ஆளாளுக்குப் பகிர ஆரம்பித்துவிடுகிறார்கள். நம் ஊரில் இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் மூத்தது திருவாரூர் முத்துசாமி ஐயர் கதை. தெருவிளக்கில் படித்து உயர் நீதிமன்ற நீதிபதி ஆனவர் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்பீர்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் உட்கார்ந்த கோலத்தில் சிலையாக இருக்கிறாரே, அவர்தான். எனக்கும் அவர்மேல் பெரிய மரியாதை உண்டு. தெருவிளக்கோடு கதையை முடித்துவிடுகிறோமே, அதில்தான் எனக்கு வருத்தம்.

1832இல் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட, அம்மாவோடு திருவாரூருக்கு வந்து, கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்தார். அப்புறம் அம்மாவும் இறந்துவிட்டார். கதை இங்கேயே முடிந்திருக்கலாம். அந்தக் காலத்தில் எத்தனையோ பையன்களுக்கு அப்படித்தான் முடிந்தது.

முடியாமல் போனதற்குக் காரணம் முத்துசாமி நாயக்கர் என்ற தாசில்தார். ஒருநாள் ஆற்றில் உடைப்பு என்று தகவல் வருகிறது. போய்ப் பார்த்துவர அலுவலகத்தில் ஆள் இல்லை. இந்தப் பையன் போய் விவரமெல்லாம் குறித்துக்கொண்டு வந்தானாம். தாசில்தார் நம்பாமல் இன்னொருவரை விட்டுச் சரிபார்க்க, பையன் சொன்னது அத்தனையும் சரியாக இருந்ததாம். மற்றவராக இருந்தால் 'கெட்டிக்காரப் பையன்' என்று முதுகில் தட்டிவிட்டு அடுத்த ஃபைலை எடுத்திருப்பார். இவர் நாகப்பட்டினத்தில் மிஷன் பள்ளிக்கு அனுப்பினார், பிறகு சிபாரிசுக் கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். 1854இல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் அந்தப் பையன் வாங்கிய பரிசு 500 ரூபாய். பழைய சம்பளக் கணக்கில் பார்த்தால் நாற்பது வருடத்துக்கும் மேலான கூலி! அதன்பின் தரங்கம்பாடியில் முன்சீப் என்ற கீழ்க்கோர்ட் நீதிபதி, இன்னும் பல பதவிகள், 1878இல் உயர் நீதிமன்ற நீதிபதி. சென்னையில் அந்த நாற்காலிக்கு வந்த முதல் இந்தியர்.

அப்போதும் சும்மா விடவில்லை. ஒரு இந்தியரை எப்படி நியமிக்கலாம் என்று வெள்ளைக்காரர்கள் நடத்திய பத்திரிகைகள் குதித்தன. பதில் சொல்ல ஆறு இளைஞர்கள் 1 ரூபாய் 12 அணா கடன் வாங்கி 80 பிரதி அச்சடித்தார்கள். 'தி இந்து' பிறந்தது அப்படித்தான். ஆக, உச்சிக்குப் போன பிறகும் அவருக்குப் பக்கத்தில் நிற்க ஆள் தேவைப்பட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கசக்கும். அவர் ஏழைதான், ஆனால் பிராமணர். கணக்கர் திண்ணையில் உட்கார்ந்து ஏடு எழுத அவரை விட்டார்கள். அதே வருடம் அதே ஊர்ச் சேரியில் அதே மூளையோடு ஒரு பையன் பிறந்திருந்தால், தெருவிளக்கு இருக்கட்டும், அந்தத் தெருவுக்குள்ளேயே கால் வைத்திருக்க முடியாது. தலித் சமூகத்திலிருந்து முதல் உச்ச நீதிமன்ற நீதிபதியாக ஜோலார்பேட்டையில் பிறந்த ஏ. வரதராஜன் அமர்ந்தது 1980இல். இடையில் நூறு வருடம். அந்த நூறு வருடமும் அங்கே யாரும் உழைக்காமலா இருந்தார்கள்?

2024இல் ஜவ்வாது மலையிலிருந்து 'மலையாளி' என்ற மலைவாழ் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெண் (கேரளத்து மலையாளி அல்ல) 23 வயதில் சிவில் நீதிபதித் தேர்வில் வென்றார். குழந்தை பிறந்த சில நாளிலேயே போய் எழுதிய தேர்வு அது. கொண்டாடத்தான் வேண்டும், நானும் பகிர்ந்தேன். அவர் தேர்வானதில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான இட ஒதுக்கீட்டுக்கும் பங்கு உண்டு. அதைச் சொன்னால் அவர் உழைப்பு குறைந்துவிடாது. இந்தக் காலத்து தாசில்தார் அந்தச் சட்டம்தான்.

இப்போது நிலைமை என்ன? 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்று வருட வக்கீல் அனுபவம் வேண்டும் என்று மறுபடி கொண்டுவந்தது. கோர்ட் நடைமுறை தெரியாமல் நேராக நீதிபதி இருக்கைக்கு வரக்கூடாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த மூன்று வருடம் சோறு யார் போடுவது? என் அக்கா மகள் ஜூனியராக இருக்கிறாள். சீனியர் கொடுப்பது பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாகப் போகிறது. வாடகையை அக்காதான் அனுப்புகிறாள். அனுப்ப அக்கா இருக்கிறாள், சரி. அப்பா அம்மா இல்லாத ஒரு திருவாரூர்ப் பையன் இன்று சட்டம் படித்துவிட்டு வந்தால் என்ன செய்வான்? இரவில் ஸ்விக்கி ஓட்டுவானா?

ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்க வழிசெய்ய வேண்டும் என்று 2024 ஜூனிலேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. நானறிந்த ஜூனியர்களில் ஒருவர்கூட அந்தத் தொகையைக் கண்ணில் பார்த்ததில்லை. வக்கீல்களைப் பதிவுசெய்யும் பார் கவுன்சில் ஒரு வேலை செய்யலாம்: எந்தெந்த சீனியர் அலுவலகம் எவ்வளவு கொடுக்கிறது என்று மாவட்டவாரியாகப் பட்டியல் வெளியிடட்டும். கொடுக்க முடியாத சின்ன அலுவலகங்களுக்கு நல நிதியிலிருந்து பாதியைப் போடட்டும். கட்சிக்காரரிடம் ஒரு வாய்தாவுக்கு லட்சத்தில் வாங்குகிறவர்களுக்கு அந்தச் சலுகை வேண்டாம்.